போகாத ஊருக்கு எடுத்த டிக்கெட்டுகள்

இதை எழுதும் இன்று நான் குணமாகிவிட்டேனா என்று கேட்டால், தெரியாது. குணமாகிவிட்டதாக டாக்டர் சொல்லவில்லை. ஆகவில்லை என்றும் சொல்லவில்லை. முப்பத்துநான்கு ஆண்டுகள் வருவாய்த் துறையில் கோப்பு பார்த்துத் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு கோப்பு முடிந்ததா, நிலுவையில் கிடக்கிறதா என்பதை முதல் பக்கத்தைப் புரட்டியே சொல்லிவிடுவேன். என் உடம்பு விஷயத்தில் அந்த முதல் பக்கம் எங்கே இருக்கிறது என்பதே பிடிபடவில்லை. இருந்தாலும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்கோ ஒரு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு ஓய்வூதியருக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

தொடங்கியது புதுக்கோட்டைக் கருவூலத்துக்குப் போகும் வழியில். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை, தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதைக் காட்டவேண்டும். நேர்காணல் என்று அதற்குப் பெயர். வீட்டிலிருந்தே காட்ட இப்போது வழி இருக்கிறது. ஆனால் விரல்ரேகை இயந்திரத்தை நான் நம்புவதில்லை. அதுவும் என்னை நம்புவதில்லை. ஆலங்குடியில் பஸ் ஏறினேன். திருவரங்குளம் போய், கைக்குறிச்சியும் தாண்டியபோது நெஞ்சு திடீரென்று தறிகெட்டு அடித்தது. விரல்கள் மரத்தன. தொண்டை அடைத்தது. பஸ்ஸிலிருந்த காற்று மற்ற எல்லாருக்கும் போய்ச்சேர்ந்து எனக்கு மட்டும் வராமல் நின்றது. உயிரோடு இருக்கிறேன் என்று காட்டப் போகிற வழியிலேயே உயிர் போகப்போகிறது என்று முடிவு செய்தேன். அப்போதும், படிவத்தில் இரண்டாவது கையெழுத்தைப் போடவில்லையே என்ற கவலையும் வந்தது.

"அண்ணே, ஆபீசர் சாருக்கு என்னமோ பண்ணுது. பஸ் ஸ்டாண்டுக்கு வேணாம், நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்று நடத்துனர் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். முதலில் ஈசிஜி. நெஞ்சிலும் கைகால்களிலும் கம்பிகளை ஒட்டி, இதயத்தில் ஓடும் மின்சாரத்தைத் தாளில் கோடாக வரைந்தெடுப்பது. அடுத்தது எக்கோ. வழவழப்பான களிம்பைத் தடவி, ஒலி அலையைச் செலுத்தி, இதயத்தின் அறைகளையும் வால்வுகளையும் திரையில் பார்ப்பது. பிறகு ரத்தப் பரிசோதனை. இதயத் தசைக்குச் சேதம் வந்தால் ரத்தத்தில் கசியும் ஒரு பொருள் இருக்கிறதாம். அது கசிந்திருக்கிறதா என்று ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஓடும் பட்டையின்மேல் நடக்கவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்தது: நார்மல்.

மூன்று நாளில் அந்தச் சொல்லை ஏழு பேர் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் என் குழப்பம் கூடியது. புகார் கொடுத்தவன் நான். சம்பவம் நடந்ததற்கு ஒரு பஸ் நிறையச் சாட்சிகள். விசாரித்துவிட்டு, முகாந்திரம் இல்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

என் மனைவி மங்களேஸ்வரி தினமும் ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் தூக்கில் கொண்டுவருவாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை; வலது கண்ணில் முற்றிவிட்டது. கதவிலிருந்து கட்டில்களை விரலால் எண்ணிக்கொண்டே வருவாள். இரண்டாம் நாள் எண்ணிக்கை தவறிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த கறம்பக்குடி கடலை வியாபாரியின் அருகே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து, "ம், வாயத் தொறங்க. ஊரையே கலக்கிப்புட்டு இங்க வந்து படுத்துக்கிட்டா ஆச்சா?" என்றாள். அவர் மரியாதையாக வாயைத் திறந்தார். இரண்டு உருண்டை சாப்பிட்ட பிறகுதான், "ஆத்தா, ரசம் நல்லாருக்கு. ஆனா நான் ஒங்க வீட்டுக்காரரு இல்ல" என்றார். வார்டு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கண் எவ்வளவு கெட்டிருந்தால் ஆளே மாறும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. என் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த இருபது நாளில் மறுபடி வந்தது, இந்த முறை ரேஷன் கடை வரிசையில். அடுத்தது ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் உட்கார்ந்து இலை போட்ட பிறகு. ஒவ்வொரு முறையும் அவசரப் பிரிவு, ஒவ்வொரு முறையும் ஈசிஜி, ஒவ்வொரு முறையும் நார்மல். அறிக்கைகளை வரிசையாகப் பக்க எண் போட்டு ஒரு கோப்பில் கட்டினேன். பஸ்ஸை விட்டேன். மண்டபங்களை விட்டேன். பிறகு வீட்டில் தனியாக இருப்பதையும் விட்டேன். மங்களேஸ்வரி கடைத்தெருவுக்குப் போனால் வாசலிலேயே நிற்பேன்.

கடைசியாகப் புதுக்கோட்டை அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் என் கோப்பை முழுவதும் புரட்டினார். "அய்யா, ஒங்க ஹார்ட்டு என் ஹார்ட்டைவிட நல்லா இருக்கு. மாடிக்குப் போங்க" என்றார். மாடியில் மனநலப் பிரிவு. பிரிவின் பெயர் உள்பக்கம் வரும்படி சீட்டை மடித்து வைத்துக்கொண்டு படியேறினேன். என் கையெழுத்தில் பட்டா வாங்கியவர்கள் யாராவது பார்த்துவிட்டால்?

மனநல டாக்டர் அதற்கு ஒரு பெயர் வைத்தார்: பீதித் தாக்கு. ஆபத்து வந்தால் ஓடுவதற்காக உடம்பில் ஓர் அபாய மணி இருக்கிறது. அது காரணமில்லாமல் அடித்துவிடுகிறது. மணி பொய், ஆனால் சத்தம் உண்மை. அதனால்தான் நெஞ்சு அடிக்கிறது, கை மரத்துப்போகிறது. ஒரு மாத்திரை எழுதினார். மீதியை ஆலோசகரிடம் பேசச் சொன்னார்.

ஆலோசகர் பர்வீன் கோட்டைப்பட்டினத்துப் பெண். என் மகளைவிட வயதில் சிறியவர். வாரத்தில் செவ்வாய்க்கிழமை ஆலங்குடி அரசு மருத்துவமனைக்கு வருவார் என்பது எனக்கு வசதியாக இருந்தது, பஸ் ஏறவேண்டாம்.

"மருந்து பாதி, பஸ் பாதி சார்" என்றார்.

"பஸ்ஸா?"

"எதைக் கண்டு பயமோ அதுக்குக் கிட்டக்க தினமும் கொஞ்சம் கொஞ்சமாப் போகணும். பயம் வரும். வரட்டும். எறங்கி ஓடாம அப்படியே ஒக்காந்திருந்தா, ஏறுன பயம் தானா எறங்கிரும். நீங்க ஓடுறப்பல்லாம் ஒங்க ஒடம்பு என்ன நெனைக்கிது? 'ஓடுனதாலதான் பொழச்சோம்'னு. அது தப்புன்னு நான் சொன்னா அது கேக்காது. நீங்கதான் ஒக்காந்து காட்டணும்."

பயந்தவனுக்குப் பயத்தையே மருந்தாகக் கொடுப்பது எந்த விதியின்கீழ் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் உத்தரவு உத்தரவுதான். பயம் குறைந்ததிலிருந்து கூடியது வரை பத்துப் படிகள் எழுதச் சொல்லி ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். நான் அடுத்த வாரம் கோடு போட்ட பதிவேட்டோடு போனேன். வரிசை எண், படி, நாள், பத்துக்கு எத்தனை பயம், குறிப்புரை. பயணச்சீட்டை ஒட்டுவதற்கும் ஒரு பத்தி.

"இது பயண நாட்குறிப்பு மாதிரி இருக்கே?" என்றார் பர்வீன்.

"அதேதான் மேடம்."

முதல் நான்கு படிகளை ஒழுங்காகச் செய்தேன். பஸ் நிலையத்தில் பத்து நிமிடம் நின்றேன். நிற்கும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து இறங்கினேன். மனைவியோடு ஒரு நிறுத்தம் போனேன். பிறகு தனியாக அதே ஒரு நிறுத்தம். ஐந்தாவது படி, தனியாகத் திருவரங்குளம். டிக்கெட் எடுத்தேன். பஸ் நகர்ந்ததும் நெஞ்சு ஆரம்பித்துவிட்டது. முதல் நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். ஒரு முந்திரித் தோப்பு ஓரமாக நின்று மூச்சு வாங்கினேன். திரும்பி நடந்து வந்தேன். டிக்கெட் கையில் இருந்தது. அதில் திருவரங்குளம் என்றுதான் இருந்தது.

"போயிட்டு வந்துட்டீங்களா?" என்றாள் மங்களேஸ்வரி.

"ம்."

அந்த "ம்"தான் முதல் பொய்ப் பதிவு. டிக்கெட்டை ஒட்டி, பயம் மூன்று என்று எழுதினேன். அடுத்து வந்தவையும் அப்படியே. கைக்குறிச்சிக்கு டிக்கெட், முந்திரித் தோப்பில் இறக்கம். புதுக்கோட்டைக்கு டிக்கெட், முந்திரித் தோப்பில் இறக்கம். எட்டு நாள். நடத்துனரே கடைசியில், "சார், இவ்வளவு காசுக்கு ஒரு நிறுத்தம்தானா?" என்று கேட்டுவிட்டார். போகாத முகாமுக்குப் போனதாகப் பயண நாட்குறிப்பு எழுதினார் என்று ஒரு வருவாய் ஆய்வாளரிடம் விளக்கம் கேட்டு, அவர் பதவி உயர்வை ஒரு வருடம் நிறுத்தி வைத்தவன் நான். அவரும் அந்த நாட்களில் எங்காவது ஒரு தோப்போரம் நின்றிருந்தாரோ என்னவோ. கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மங்களேஸ்வரியும் கூட வந்தாள். பர்வீன் பதிவேட்டைப் புரட்டினார். "நல்லாப் பண்ணியிருக்கீங்க சார். ஆனா எட்டு நாளும் பயம் மூணுக்கு மேல ஏறவேயில்லையே?"

"கட்டுக்குள் இருந்தது மேடம்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பதிவேட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். மங்களேஸ்வரி முகத்தில் ஒன்றரை வருடமாக இல்லாத ஒரு சந்தோஷம்.

மறுநாள் இட்லியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "நான் ஒன்னு செஞ்சிருக்கேன். கோவிச்சுக்காதீங்க. வர்ற வாரம் வெள்ளிக்கெழம எனக்குக் கண்ணு ஆபரேசன். போன் போட்டுச் சொல்லிப்புட்டேன்."

"எங்க?"

"புதுக்கோட்டையிலதான். போன வருசமே சொன்னாக. இன்னும் தள்ளிப்போட்டா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி, அப்பறம் ஆபரேசன் பண்ணியும் பிரயோசனம் இல்லையாம். கூட ஒரு ஆள் இருந்து கையெழுத்துப் போடணும்னாக. ஒங்கள விட்டுட்டு எப்படிப் போறது, கூட்டிட்டும் எப்படிப் போறதுன்னு இருந்துட்டேன். இப்பத்தான் எங்க வீட்டுக்காரரு ஒத்தையாவே புதுக்கோட்டைக்குப் போயிட்டு வாராகளே!"

பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். ஒரு வருடமாக அவள் கண்ணை எனக்காகத் தள்ளிப்போட்டிருக்கிறாள். இப்போது என் பொய்க் கணக்கை நம்பி நாள் குறித்திருக்கிறாள். ஒரே மகள் மஸ்கட்டில். வேறு யாரையாவது அழைக்கலாம் என்றால் காரணம் சொல்லவேண்டும்.

கொல்லைப்பக்கம் போய்ப் பர்வீனுக்குப் போன் செய்தேன். "மேடம், பதிவேட்டில் ஒரு திருத்தம் இருக்கிறது" என்று ஆரம்பித்தேன்.

"திருத்தம்னா போன்ல வேணாம் சார். நாளைக்கி ஒரு மணி வரைக்கும் புதுக்கோட்டையில இருப்பேன். நேர்ல வாங்க."

அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. போகவில்லை என்ற உண்மையைச் சொல்வதற்கு உண்மையாகவே போகவேண்டியதாகிவிட்டது.

மறுநாள் ஏறிய முதல் பஸ்ஸில் திருவரங்குளம் வரை தாக்குப்பிடித்தேன். பயம் ஒன்பது. இறங்கிவிட்டேன். அரை மணி நின்று அடுத்த பஸ் ஏறினேன். கைக்குறிச்சியில் மறுபடி இறங்கினேன். மூன்றாவது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். செத்தால் சாகலாம், ஆனால் சொல்லிவிட்டுச் சாகவேண்டும் என்று ஒரு குழப்பமான தீர்மானம். பஸ் நின்றபோது கண்ணைத் திறந்தால் புதுக்கோட்டை பஸ் நிலையம்.

எல்லாவற்றையும் சொன்னேன். பர்வீன் திட்டவில்லை. "இன்னைக்கி எத்தனை பஸ் சார்?"

"மூணு."

"ரெண்டு தடவ எறங்கியிருக்கீங்க. ஏன் வீட்டுக்குத் திரும்பல?"

"இங்க வரணுமே."

"அவ்வளவுதான் சார் இதுல விசயம். பழைய எட்டு நாளையும் அடிச்சிருவோம். இன்னைக்கி பயம் எவ்வளவு?"

"ஒன்பது."

"மொத உண்மையான நம்பர்!" என்று அவரே எழுதினார். "கொறைச்சு எழுதாதீங்க. பயம் வராம பாத்துக்கிறதுக்கு நான் அனுப்பல. வந்தும் இருக்கிறதுக்குத்தான் அனுப்புறேன்."

இடையில் ஏழு நாள் இருந்தது. தினமும் புதுக்கோட்டைக்குப் போனேன். ஒரு நாள் எட்டு, மறுநாள் ஆறு. ஞாயிற்றுக்கிழமை நான்கு என்று மகிழ்ந்தால் திங்கட்கிழமை மறுபடி ஒன்பது. எந்த வரிசையிலும் அது அடங்கவில்லை. துணைக்குக் கொண்டுபோகும் அறிக்கைக் கோப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார் பர்வீன். அடுத்த நாள் தண்ணீர்ப் பாட்டிலையும். அங்கே அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் கூடத்தில், எந்த நோயும் இல்லாமல், எந்தச் சீட்டும் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். காவலாளி மூன்று முறை வந்து, "அய்யா, யாரப் பாக்கணும்?" என்றார். "யாரையும் இல்லப்பா, பயப்பட வந்திருக்கேன்" என்றேன். அவர் மாடியைக் கைகாட்டினார். இருபது நிமிடம் நெஞ்சு அடித்தது. பிறகு, நான் எதுவும் செய்யாமலே குறைந்தது. ஏன் குறைந்தது என்று விளங்காமல் கொஞ்ச நேரம் அதற்கும் பயந்தேன்.

வியாழக்கிழமை மாலை மங்களேஸ்வரியிடம் சொன்னேன். "நான் எழுதினதுல எட்டு நாள் பொய்."

அவள் பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள். "ஊருக்கெல்லாம் சர்டிபிகேட்டு குடுத்த ஆளு. ஒங்களுக்கு நீங்களே ஒன்னு குடுத்துக்கிட்டீங்களாக்கும்." வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள். "அப்ப நாளைக்கி?"

"நாளைக்கி வாரேன்."

"வழியில எறங்குவீங்களா?"

"தெரியல. எறங்குனாலும் அடுத்த பஸ்ஸுல வந்துருவேன்."

"அப்ப வெள்ளனவே கெளம்புவோம்" என்றாள்.

இறங்கவில்லை. பஸ் என்னை ஒன்றும் செய்யவில்லை. கண் மருத்துவமனை வரவேற்பு மேசையில்தான் வந்தது. மங்களேஸ்வரியின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு உள்ளே உட்காரவைத்திருந்தார்கள். சம்மதப் படிவத்தை நீட்டிய நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். சட்டை முழுவதும் வியர்வை. பேனா நழுவி விழுந்தது. ஒரு சக்கர நாற்காலி வந்தது. அதில் என்னை உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள். முதன்முறையாக ஓர் அளவு நார்மலாக இல்லை.

"ரொம்ப அதிகமா இருக்குங்கய்யா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு ஈசிஜி பாத்துருங்க. அம்மாவுக்கு வேற ஆள் யாரும் இருக்காங்களா? இல்லன்னா அடுத்த மாசம் வச்சுக்கலாம்."

இதைவிட முறையான வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்காது. பொய்யே வேண்டாம். அளவு இருக்கிறது, நர்ஸ் சாட்சி, நாற்காலி தயார். நான் "சரி" என்று சொன்னால் போதும். யாரும் என்னைக் குறை சொல்லமுடியாது. அவளும் சொல்லமாட்டாள், அடுத்த மாதம் வரை கட்டில்களையும் படிகளையும் விரலால் எண்ணிக்கொண்டு நடப்பாள். ஒருவேளை இந்த முறை உண்மையாகவே இதயமாக இருந்தால் என்றும் தோன்றியது. அதையும் மறைக்கவில்லை. இது பயமா, நோயா என்று பிரித்துச் சொல்ல அந்த நாற்காலியில் எனக்குத் தெரியவில்லை.

"சிஸ்டர், இது எனக்கு வழக்கமா வர்றது. மனநல டாக்டர்கிட்ட மருந்து சாப்புடுறேன். ஒரு இருவது நிமிசம் ஒக்காந்திருந்தா எறங்கும். அப்பறம் மறுபடி அழுத்தம் பாருங்க. எறங்கலன்னா நீங்க சொல்றதக் கேக்குறேன்" என்றேன். மனநல டாக்டர் என்ற சொல்லைக் கூடத்தில் எல்லாரும் கேட்கும்படி சொல்லியிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து சாதாரண நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தேன். நாடியைப் பிடித்து எண்ணவில்லை. நெஞ்சு தன் இஷ்டத்துக்கு அடித்தது. இருபது நிமிடம் இல்லை, முப்பத்தைந்து ஆனது. மறுபடி பார்த்தபோது அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது, முழுவதும் இல்லை. உள்ளே போய் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்த நர்ஸ், "சரிங்கய்யா. ஆனா இங்கயே எங்க கண்ணுல படுற மாதிரி இருக்கணும்" என்று படிவத்தை மறுபடி நீட்டினார். மூன்று இடத்தில் கையெழுத்து. மூன்றும் மூன்று விதமாக விழுந்தன. என் அலுவலகத்தில் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அன்று அங்கேயே தங்கவைத்து, மறுநாள் காலையில் கண் கட்டைப் பிரித்தார்கள். மங்களேஸ்வரி கண்ணைச் சிமிட்டிவிட்டு முதலில் சுவரிலிருந்த எழுத்துகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க இது? கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருக்கு. சட்ட தோள்ல நிக்கல. எப்ப இருந்து இப்புடி இருக்கீங்க?"

"கொஞ்ச நாளாத்தான்."

"நான் பாக்கலையே" என்றாள், ஏதோ அவள் செய்த தப்பு போல.

கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். காற்றும் தூசியும் கண்ணில் படக்கூடாது என்றார்கள். பஸ்ஸில் சன்னலோரம் எப்போதும் நான் உட்காருவேன், சன்னல் முழுவதும் திறந்திருக்கவேண்டும். அன்று மங்களேஸ்வரி முந்திக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு தடவ வேடிக்க பாத்துட்டு வாரேன்."

கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. யாரோ ஒருவருடைய பை என் தோளில் இடித்தது. காற்று உள்ளே வந்து நேராக அவள் முகத்தில் அடித்தது. நான் எட்டி, சன்னல் கண்ணாடியை இழுத்து மூடினேன். இறுகிக் கிடந்தது, இரண்டு கையாலும் இழுக்கவேண்டியிருந்தது. பஸ் கிளம்பியது. நெஞ்சும் கிளம்பியது.

அவள் திரும்பாமலே கேட்டாள். "எம்புட்டு?"

"ஏழு."

"எனக்கு அந்தா, அந்த சிமெண்டுக் கடை போர்டுல போன் நம்பர் தெரியுது" என்று சொல்லி, ஒவ்வொரு எண்ணாக வாசிக்கத் தொடங்கினாள்.